உப்புத்தண்ணிக்கு முதல் துண்டு

ஓய்வு பெற்றவளைப் பேசக் கூப்பிட்டால் லேசில் நிறுத்த மாட்டாள் என்று உங்கள் இன்சார்ஜ் சிஸ்டருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கேட்டிருக்கிறார். திட்டுவதானால் அவரைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

தோல் பயாப்ஸிக்கு ட்ரே எப்படிப் போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும், மறந்துபோனால் சுவரில் ஒட்டியிருக்கிறது. மரத்துப்போகும் ஊசி, தோலை வட்டமாக வெட்டி எடுக்கும் சின்ன பஞ்ச், இடுக்கி, கத்தரி, தையல் நூல், பஞ்சு, துண்டைப் போட்டு அனுப்ப பாட்டில். உளுந்து அளவுக்குத் தோலை எடுக்கப்போகிறோம், இதில் என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் பல வருஷம் அப்படித்தான் தோன்றியது.

நான் வேலை பார்த்த கிளினிக் மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. டாக்டர் வீட்டின் மாடியையே கிளினிக் ஆக்கியிருந்தார்கள். எதிரே காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடை. காலையில் படியேறும்போது அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், முந்தின நாள் களைப்பெல்லாம் போய்விடும். இப்போது ஆதம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். அங்கேயும் நல்ல காபிதான் குடிக்கிறேன், ஆனால் அந்த வாசனை வரவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், கண் கலங்கிவிடும்.

அங்கே என்னோடு ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர், வாய் மட்டும் இருபது வயது மூத்தது. ட்ரே போட்டு முடித்ததும் "போ, போய்ப் படு" என்பார். பேஷண்ட் படுக்கும் மேஜையில் நாம் போய்ப் படுத்துப் பார்க்க வேண்டும். தலையைத் திருப்பினால் என்ன தெரிகிறது? ஊசி முனை தெரிகிறதா, கத்தரி மினுக்குகிறதா? தெரிந்தால் ட்ரேயை நகர்த்து, இல்லை துணியால் மூடு. முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அது பழகிப்போய், படுத்துப் பார்க்காமல் ஒரு பேஷண்டையும் உள்ளே கூப்பிட்டதில்லை. டாக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சிஸ்டர், தூக்கமா?" என்று கேட்டார். ஆமாம் டாக்டர் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

இனி ஃபிலோ அக்காவைப் பற்றி. பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். பட்டினப்பாக்கம் பக்கம் ரோட்டோரம் மீன் விற்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் கடைக்கு வந்து உட்காருவார். நான் வருஷக்கணக்காக அவரிடம்தான் மீன் வாங்கினேன். பேரம் பேசினால், "இன்னா சிஸ்டரு, ஆஸ்பத்திரில நீ ஊசிக்குப் பேரம் பேச வுடுவியா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். அவருடைய வீட்டுக்காரர் முதுகு போய், கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பொண்ணு காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அரிவாள்மனைக்கு முன்னால் அக்காவின் வலது கை ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

ஒரு ஞாயிறு சங்கரா மீனை எனக்கு இடது கையால் நீட்டினார். அக்கா இடது கையால் பொருள் கொடுக்கிற ஆளே இல்லை. வலது கையில் துணி சுற்றியிருந்தது. அவிழ்க்கச் சொன்னேன், மாட்டேன் என்றார். நான் மீனை வாங்காமல் நின்றேன். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவிழ்த்தார். ஆள்காட்டி விரலில் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி, மேலே புண்ணாகி உடைந்திருந்தது. மணிக்கட்டு வரைக்கும் வரிசையாக இன்னும் சில கட்டிகள்.

"யாருகிட்டயும் சொல்லாத சிஸ்டரு. குஷ்டம்னு கெளப்பி வுட்டாங்கன்னா ஒரு பய என்கிட்ட மீன் வாங்க மாட்டான்."

எங்கேயாவது காட்டினீர்களா என்றேன். ஒரு இடத்தில் காட்டினாராம். கேன்சராக இருக்கலாம், விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னார்களாம். அதோடு அங்கே போவதை நிறுத்திவிட்டார். எங்கள் கிளினிக்குக்கு வரவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில், "உன் மூஞ்சிக்காக ஒரே ஒரு தபா வரேன்" என்றார்.

டாக்டர் கையைப் பார்த்தார். எத்தனை நாளாக, வலி இருக்கா, காய்ச்சல் இருக்கா, கையில் எப்பவாவது அடிபட்டதா என்று வரிசையாகக் கேட்டார். அடி எதுவும் படவில்லை என்று அக்கா சொன்னார். ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிடலாம், ஃபார்மலினில் அனுப்பலாம் என்று முடிவாயிற்று. ஃபார்மலின் உங்களுக்குத் தெரியும். எடுத்த சதை அழுகாமல் அப்படியே நிற்க வைக்கிற திரவம். கேன்சரா இல்லையா என்று பார்க்க அதில்தான் போட்டு அனுப்ப வேண்டும்.

நான் ட்ரே போட்டேன். ரத்தக்குழாயைச் சுருக்குகிற மருந்து கலந்தது விரலுக்கு ஆகாது என்பதால், மரத்துப்போகும் மருந்தை இருமுறை பார்த்து எடுத்தேன். வழக்கம்போல் மேஜையில் படுத்துப் பார்த்தேன். ஊசி தெரியவில்லை, கத்தரி தெரியவில்லை, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு முருங்கைமரம்தான் தெரிந்தது. திருப்தியாக அக்காவை உள்ளே கூப்பிட்டுப் படுக்க வைத்தேன். கையைத் துடைத்து, ஓட்டை வைத்த துணியையும் போர்த்தியாயிற்று.

அன்றைக்கென்று பார்த்து ஃபார்மலின் நிரப்பிய சின்ன பாட்டில்கள் தீர்ந்திருந்தன. என்னோடு வேலை பார்த்த கவிதா பெரிய பாட்டிலைக் கொண்டுவந்து, அறை மூலையில் வைத்து, மூடியைத் திறந்து ஊற்றினாள். தினமும் செய்கிற வேலைதான். எங்களுக்கு அந்த நெடி பழகிப்போய்ப் பல காலம் ஆகிறது.

அக்கா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். துணி கீழே விழுந்தது.

"இன்னாது அது? இன்னா ஊத்துற?"

கவிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஃபார்மலின்மா. உங்க சதையப் போடத்தான்" என்று சொல்லிவிட்டாள். பாவம், உள்ளதைத்தான் சொன்னாள்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் டி.வி.யில் மீனில் ஃபார்மலின், மீனில் ஃபார்மலின் என்று ஓயாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் விற்கிற ஊரெல்லாம் அந்த வார்த்தையை நெருப்பைப் போலப் பார்த்த நேரம். கடைக்கு அதிகாரிகள் வந்து மீனைத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள். வாங்க வந்தவர்கள் மட்டும் திரும்பி வரவில்லை. கூடை கூடையாக நல்ல மீனைக் கொட்டியிருக்கிறார் அக்கா. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மேஜையில் படுத்துப் பார்த்தபோது எனக்கு அது உறைக்கவே இல்லை.

"நான் ஐஸைத் தவிர ஒண்ணத்தியும் தொட்டதில்ல! என் ஆயா காலத்துலேந்து தொட்டதில்ல! எங்க மீனுல போட்டோம்னு ஊரே காறித் துப்புச்சு. இப்ப என் சதைய அதுல ஊற வெக்கிறியா? போங்கடி நீங்களும் உங்க ஆஸ்பத்திரியும்!"

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார். சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். வெளியே காத்திருப்பவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். "போனாப் போகட்டும் சிஸ்டர். அடுத்தவாளைக் கூப்பிடுங்கோ. கட்டிப் போட்டா வைத்தியம் பண்ண முடியும்?" என்றார். அவர் மேல் தப்பில்லை. அன்றைக்குக் கூட்டம் அப்படி.

திறந்த ட்ரேயை விட்டு நகரக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொல்லியிருந்தார்கள். கவிதாவை ட்ரே பக்கத்தில் நிறுத்தி, யாரையும் கிட்டே விடாதே என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நான் ஓடினேன். இன்று அக்கா சந்து முனையைத் தாண்டிவிட்டால் அந்தக் கையோடு இன்னொரு டாக்டர் வாசலை மிதிக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அவர் போகவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.   அவரே ஆரம்பித்தார்.

"எதிர்வூட்டு அந்தோணி அண்ணனுக்கு சக்கரை வந்து கால் வெரல எடுத்தாங்க. எடுத்து பாட்டில்ல போட்டு அவரு பொண்டாட்டி கையில குடுத்து, போய் டெஸ்டுக்குக் குடுன்னாங்க. அந்தம்மா அத்த பஸ்ஸுல எட்த்துகினு போச்சு சிஸ்டரு. மடியில வெச்சிகினு. பாட்டில்ல போட்டாலே வெரலு போச்சுன்னு அர்த்தம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஃபார்மலின் கோபம் மேலே. அடியில் இருந்தது பயம்.

"அக்கா, இப்ப வெரலை யாரும் எடுக்கல. தெரிஞ்சுக்கத்தான் கொஞ்சூண்டு தோலு."

"அட போ சிஸ்டரு. ஒரு கெளுத்தி முள்ளு குத்துன எடம். அதுக்குப் போயி வெரல வெட்றேன், சதைய எடுக்குறேன்னு."

"என்னக்கா சொன்னீங்க? கெளுத்தி குத்துச்சா?"

"குத்தாம? மீனு இன்னா முத்தமா குடுக்கும்? மார்கழிக்கு முன்னாடி ஒண்ணு ஆழமா ஏறிச்சு. பிடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாத்துகினு இருந்தேன்."

"டாக்டர் கேட்டாரே, அடிபட்டுச்சான்னு!"

"அடி எங்க பட்டுச்சு? முள்ளுதான குத்துச்சு. அத்தெல்லாம் ஒரு அடியா?"

எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழுவதா, தலையில் ஒரு குட்டு வைப்பதா என்று தெரியவில்லை. இங்கேயே இருங்க, நகர்ந்தீங்கன்னா ஜென்மத்துக்கும் உங்ககிட்ட மீன் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன்.

டாக்டர் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் புகுந்து சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"கெளுத்தி முள்ளா? நான் கேட்டப்போ இல்லைன்னுட்டாளே!"

"அடிபட்டுதான்னு கேட்டீங்க டாக்டர். தினமும் குத்துறதை அவங்க அடின்னு நெனைக்கல."

பேனாவைக் கீழே வைத்தார். மீனும் தண்ணீரும் புழங்குகிற கையில், காயம் வழியாகப் புகுந்து, இப்படி வரிசையாகக் கட்டி கட்டியாக வர வைக்கிற ஒரு கிருமி உண்டு. அது அவருக்குத் தெரியாததல்ல. அதை நினைக்க வைக்கும் ஒரு வார்த்தைதான் அவர் காதுக்கு வரவில்லை.

"அப்போ ஒரு துண்டு போறாது. கல்ச்சருக்கும் ஒண்ணு வேணும். சலைன்ல. அவளை எப்படியாவது அழைச்சுண்டு வாங்கோ சிஸ்டர்."

அவர் 'வாங்கோ' என்று சொன்ன தோரணையில் எனக்குத் தெம்பு வந்தது. மறுபடி கீழே போனேன்.

"அக்கா, ரெண்டு துண்டு எடுப்போம். ஒண்ணு உப்புத்தண்ணில போடுவோம்."

"உப்புத்தண்ணியா?" மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அது நம்ப தண்ணியாச்சே."

"கிருமி இருந்தா அதுல உயிரோட இருக்கும். என்ன கிருமின்னு வளர்த்துப் பார்ப்பாங்க. இன்னொண்ணு ஃபார்மலின்லதான் போட்டாகணும். கேன்சர் இல்லைன்னு அது சொன்னாத்தான் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும்."

 அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார் பாருங்கள்.

"சரி. ஆனா அந்த ஃபார்மலின் பாட்டில் மேல என் பேர எழுதாத. ஃபிலோமினா, ஃபார்மலின்னு எவனாவது படிச்சான்னா என் பொழப்பு அதோட காலி."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், சரி என்று சொல்லி மேலே கூட்டிக்கொண்டு போய்விடலாம், ஏதாவது ஒரு நம்பரைப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்த நேரம் அது. அந்த மாதிரி நேரத்தில்தான் நம் வாய் சுலபமாகச் சரி என்று சொல்லிவிடும். சொல்லவில்லை.

"பேர் எழுதாம அனுப்ப மாட்டேன்க்கா. லேப்புல உங்க பாட்டில் மாதிரி எத்தனையோ பாட்டில் வரும். பேர் இல்லேன்னா வேற யாருக்கோ வந்த கேன்சரை உங்களுக்குன்னு சொல்லிடுவாங்க. அவங்க வெரலுக்குப் பதிலா உங்க வெரல் போகும். இதுக்கு நீங்க ஒத்துக்கலைன்னா இப்படியே வீட்டுக்குப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

 எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். அக்கா தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நல்லா பெருசா எழுது" என்றார்.

மேலே போனோம். ட்ரேயைப் புதிதாகப் போட்டேன், பழையதை நம்பத் தயாராக இல்லை. ஃபார்மலினைப் பக்கத்து அறையில் ஊற்றி, மூடிக் கொண்டுவரச் சொன்னேன். எதிர்க்கடையில் காபிக்கொட்டை வறுக்கிற வாசனை வரட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன். இரண்டு பாட்டிலிலும் பெயரை எழுதி அக்காவிடம் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

டாக்டர் முதல் துண்டை எடுத்தார். இடுக்கியில் அந்த உளுந்தளவு சதையோடு, வருஷக்கணக்கான பழக்கத்தில், கை தானாக ஃபார்மலின் பாட்டில் பக்கம் போனது. இடுக்கி முனை அதில் பட்டுவிட்டால் அடுத்த துண்டிலும் அது ஒட்டும், கிருமி செத்துவிடும், கல்ச்சரில் எதுவும் வளராது. அப்படிச் செத்துப்போனது நமக்குத் தெரியவும் தெரியாது. நான் ஃபார்மலின் பாட்டில் வாயை உள்ளங்கையால் மூடினேன்.

"டாக்டர், உப்புத்தண்ணி முதல்ல."

அக்கா சொன்ன வார்த்தையே என் வாயிலும் வந்துவிட்டது. டாக்டர் திகைத்து, பிறகு சிரித்துவிட்டார். முதல் துண்டு சலைனுக்குள் போனது. துணிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது: "கரீட்டு. நம்ப தண்ணிதான் மொத."

ஃபார்மலின் துண்டின் முடிவு முதலில் வந்தது. கேன்சர் இல்லை. கல்ச்சருக்கு வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஞாயிறுதோறும் மீன் வாங்கப் போவேன், அக்கா ஒன்றும் கேட்காமல் என் முகத்தை மட்டும் பார்ப்பார், நான் இன்னும் வரவில்லை என்று தலையாட்டுவேன். ஒரு நாள் அந்த முடிவும் வந்தது. டாக்டர் நினைத்த அதே கிருமி. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது. பாதியில் நிறுத்தப் பார்த்தார், நான் விடவில்லை. கட்டிகள் ஒவ்வொன்றாக அமுங்கின. விரல் தப்பியது.

சீனியர் சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. ட்ரே போட்டதும் போய்ப் படுத்துப் பாருங்கள். ஆனால் உங்கள் கண்ணை வைத்துக்கொண்டு மட்டும் படுக்காதீர்கள். அடுத்து அங்கே படுக்கப்போகிறவர் யார், எங்கிருந்து வருகிறார், எதைக் கண்டு மிரள்வார் என்று கொஞ்சம் யோசித்துக்கொண்டே படுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போன மாதம் பட்டினப்பாக்கம் போயிருந்தேன். ஆதம்பாக்கத்தில் மீன் கிடைக்காமல் இல்லை. மகள் அதைத்தான் சொல்லித் திட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்? அக்கா கடையில் நான் நின்றுகொண்டிருந்தபோது பைக்கில் ஒரு இளைஞன் வந்தான். வஞ்சிரத்தை அமுக்கிப் பார்த்தான், மோந்து பார்த்தான், செவுளைத் தூக்கிப் பார்த்தான். அப்புறம் கேட்டான்.

"ஃபார்மலின்லாம் போடலியேக்கா?"

 அக்கா அன்றைக்குப் படியிறங்கிப் போன வேகம் ஞாபகம் வந்தது. இன்றைக்கு இவன் தொலைந்தான் என்றுதான் நினைத்தேன். அக்கா நிதானமாக வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆள்காட்டி விரலில் சின்னதாக ஒரு குழி, தழும்பு.

"நைனா, இங்க பாரு. ஃபார்மலின்ல போட்டது என் சதையத்தான். மீன இல்ல. நம்பிக்க இல்லாங்காட்டி, இதோ கீதே சிஸ்டரு, அவங்களக் கேளு. அவங்கதான் போட்டது. மேல என் பேரக்கூட எழுதுனாங்க, பெருசா."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.  அவன் ஒரு கிலோ வெட்டச் சொன்னான். அக்கா அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த விரலால் வஞ்சிரத்தை அழுத்திப் பிடித்துத் துண்டு போட ஆரம்பித்தார். முதல் துண்டை எடுத்து, அவனுக்குப் போடாமல், என் பையில் போட்டார்.